குடும்ப விஷயம், ஆட்சேபணை இல்லை

பிப்ரவரி 4

அன்பு வானொலிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, கால்தான் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? அந்த நாற்காலியை மாற்றினாயா? உன் அண்ணன் மாத்திரையை நேரத்துக்குப் போட்டுக்கொள்கிறாரா?

ஃபோன் செய்யாமல் கடிதம் எழுதுகிறேன் என்று கோபிக்காதே. ஃபோனில் நீ ஆரம்பித்தால் எனக்கு முறையே வராது. காகிதத்தில் யாரும் குறுக்கே வர முடியாது பார்.

என் அறை மூன்றாவது மாடியில். ஒரு கட்டில், ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு எதிரே ஒரு சலவைக்கடை. நீ முத்திரை குத்தி மொழிபெயர்த்துக் கொடுக்கிறாயே, அந்த மொழிதான் இங்கே தெருவெல்லாம். எனக்கு நாலு வார்த்தை தெரியும். நன்றி, மன்னிக்கவும், எவ்வளவு, போதும். இதுவரை இவற்றிலேயே ஓட்டிவிட்டேன்.

எங்கள் நாட்டிய நாடகக் குழுவில் மொத்தம் ஏழு பேர். ஏழு பேருக்கும் ஏழு தாய்மொழி. நாற்பத்து மூன்று வயதில் என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களே, எல்லாருக்கும் பாட்டி மாதிரி நிற்கப் போகிறேன் என்று பயந்தேன். என்னைவிட மூத்தவர் ஒருவர் இருக்கிறார், ரொட்டி சுடுகிறவர். விடியற்காலையில் அடுப்படியில் நின்றுவிட்டு மாவு வாசனையோடு ஒத்திகைக்கு வருகிறார். அவர் துள்ளினால் தரை அதிராது. அவ்வளவு லேசான கால்.

இயக்குநர் ஒரு பெண், மெதுவாகப் பேசுகிறவர். முதல் நாளே எங்களை வட்டமாக உட்காரவைத்துச் சொன்னார்: “ஆளுக்கு ஒரு வாக்கியம் கொண்டுவாங்க. இதுவரைக்கும் சொல்ல முடியாம போன ஒண்ணு. உங்க மொழியிலேயே இருக்கட்டும். அதைச் சுத்தித்தான் ஆட்டம்.”

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ரயிலில் என் பெட்டியை ஏற்றிவிட்டு உன் அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? கதவுக் கொக்கியை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். “சரி” என்றார். இறங்கிப் போனார்.

எழுது.

உன் அண்ணி


பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். நாங்களும் நலம். நாற்காலியை மாற்றவில்லை, முதுகைத்தான் மாற்ற வேண்டும்.

வீட்டுச் செய்தி நிறைய இருக்கிறது. மாடியில் என் அறைக் குழாய் ஒழுகியது, அண்ணன் சரி செய்தார். சரி செய்ததும் கீழே உங்கள் குளியலறைக் குழாய் ஒழுக ஆரம்பித்தது. அதையும் சரி செய்தார். எதிர்வீட்டுக்காரர் நாய் வாங்கியிருக்கிறார், அது என்னைப் பார்த்தால் மட்டும் குரைக்கிறது. “உன் சத்தத்தைக் கேட்டுப் போட்டிக்கு வந்த நாய்னு நெனச்சிருக்கும்” என்கிறார் அண்ணன். இந்த மாதம் முழுவதற்கும் அவர் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

அவர் வேலையில் ஒரு கூத்து. பத்து மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் நடுவில் நின்றுபோய், உள்ளே ஒரு மாப்பிள்ளையும் மாமியாரும் மாட்டிக்கொண்டார்கள். அண்ணன் கதவைத் திறந்தபோது இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு நின்றார்களாம். “வேற வழி இல்லாம பேசிட்டாங்க போல” என்றார்.

என் வேலை வழக்கம் போல. நேற்று ஒரு விவாகரத்துப் பத்திரம், இன்று ஒரு பிறப்புச் சான்றிதழ். நீதிமன்றத்துக்குப் போகும் தாளில் ஒரு கமா மாறினாலும் என்னைத்தான் கூண்டில் ஏற்றுவார்கள்.

உங்கள் வாக்கியத்துக்கு யோசனை சொல்கிறேன். “உலகம் ஒன்றே” என்று சொல்லலாம். “பெண் என்பவள் நதி” என்று சொல்லலாம். “என் கால்கள் பேசும்” என்பது இன்னும் நன்றாக இருக்கும், நீங்கள் ஆடுகிறவர் ஆயிற்றே. எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள், காசு கேட்க மாட்டேன்.

தபால் போகும் நேரம் ஆகிவிட்டது. இன்னும் சொல்ல எவ்வளவோ இருக்கிறது.

உங்கள் வானொலி


மார்ச் 11

அன்பு வானொலிக்கு,

கடிதம் கிடைத்தது. நாயைப் பற்றிப் படித்துவிட்டு அறையில் தனியாகச் சிரித்தேன். கால் வீக்கம் வடிந்துவிட்டது. வீங்கியிருந்ததை நான் முதல் கடிதத்தில் எழுதியிருந்தேன். உனக்கு இருமல் ஏதும் இல்லையே? அங்கே குளிர் விட்டுவிட்டதா?

ஒத்திகை மும்முரமாகிவிட்டது. முதல் மூன்று வாரம் ஆட்டத்தைவிடச் சண்டைதான் அதிகம். எங்களில் ஒருவனை நெட்டை என்று கூப்பிடுகிறோம். அவன் ஊரில் பெரியவர்களின் கண்ணைப் பார்த்துப் பேசக் கூடாது. மருத்துவமனைத் தாதி ஒருத்தி இருக்கிறாள். அவள் ஊரில் கண்ணைப் பார்க்காமல் பேசினால் அவமானம். இரண்டு பேருக்கும் ஜோடி ஆட்டம்! அவன் தரையைப் பார்க்க, இவள் பல்லைக் கடிக்க, ஒரு நாள் அழுகையில் முடிந்தது. அப்புறம் ரொட்டிக்காரர்தான் வழி கண்டுபிடித்தார். இரண்டு பேரையும் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கவைத்து ஆடச் சொன்னார். இப்போது நாடகத்திலேயே அழகான இடம் அதுதான்.

யாராவது தன் வாக்கியத்தைச் சொல்லும்போது மற்றவர்களில் நாலு பேர் சேர்ந்து அவரைத் தூக்குகிறார்கள். நின்ற நிலையிலேயே, தலைக்கு மேலே. அங்கிருந்துதான் பேச வேண்டும். முதல் தடவை என்னைத் தூக்கியபோது சத்தமே வரவில்லை. நாலாவது தடவை வந்தது. ஆமாம், வாக்கியம் கிடைத்துவிட்டது. நீ கொடுத்த மூன்றில் எதுவும் இல்லை, மன்னித்துக்கொள்.

இப்போது உன்னிடம் ஒரு வேலை. அரங்கம் நகர நிர்வாகத்துடையது. போன வருடம் இங்கே ஏதோ நாடகத்தில் ரகளையாகிவிட்டதாம். அதிலிருந்து மேடையில் பேசுகிற ஒவ்வொரு வார்த்தையையும் இந்த ஊர் மொழியில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். ஆட்டத்துக்கு அனுமதி தேவையில்லை. கால் என்ன சொன்னாலும் பரவாயில்லை, வாய் சொல்வதுதான் எழுத்தில் வேண்டும் என்கிறார்கள்.

அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர்தான் செய்ய வேண்டுமாம். நம் மொழிக்கு அவர்கள் பட்டியலில் ஒரே ஒரு பெயர். உன்னுடையது. அலுவலகத்திலிருந்து உனக்கு நேரடியாக வரும். முத்திரை வைத்துத் திருப்பி அனுப்பிவிடு.

உன் அண்ணி


மார்ச் 30

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். நலமாக இருப்பீர்கள்.

அலுவலகத் தபால் வந்தது. மொழிபெயர்த்து முத்திரை வைத்து அன்றைக்கே அனுப்பிவிட்டேன்.

இங்கே நல்ல மழை. அண்ணன் நலம். நாயும் நலம்.

வேலை அதிகம். பிறகு எழுதுகிறேன்.

உங்கள் வானொலி


ஏப்ரல் 22

அன்பு வானொலிக்கு,

நான் நலம். நீ நலமா என்று இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன். உன் கடிதம் ஐந்தாறு வரிதான் இருந்தது. ஜுரமோ என்று நினைத்தேன்.

போன வாரம் நகர நிர்வாகத்தின் கலைப் பிரிவிலிருந்து எனக்கும் ரொட்டிக்காரருக்கும் அழைப்பு வந்தது. எங்கள் இரண்டு பேர் வாக்கியத்துக்கும் ஆட்சேபணை. நெட்டைக்கு இந்த ஊர் மொழி நன்றாகத் தெரியும், எனக்குப் புரிகிற மொழியும் அவனுக்கு ஒன்று தெரியும், அதனால் துணைக்கு வந்தான்.

அலுவலகம் இரண்டாவது மாடி. நீளமான பெஞ்சு, குடை மாட்டும் கம்பி, ஒரு காய்ந்த செடி. அதிகாரி ஐம்பது வயதுப் பெண்மணி. நல்ல சளி, மேசையெல்லாம் கசங்கிய டிஷ்யூ. கையில் பச்சைப் பேனா. கெட்டவராகத் தெரியவில்லை. களைத்தவராகத்தான் தெரிந்தார்.

முதலில் ரொட்டிக்காரரைக் கூப்பிட்டார். அவருடைய வாக்கியம் இது: “இந்த ஊருக்கு என் ரொட்டி பிடிக்கும், என்னைப் பிடிக்காது.” அதன் மேல் பச்சைக் கோடு.

“இது ஊர்மேல குத்தம் சொல்லுது” என்றார் அதிகாரி.

“குத்தம் இல்லைங்க, நடந்தது” என்றார் இவர். “என் கடையில வாங்கிட்டு, எதிர்ப் பக்க நடைபாதையில போய் நின்னு சாப்பிடுறாங்க.”

அந்த அம்மாள் அவரை நிமிர்ந்து பார்த்தார். “நானும் உங்க கடையிலதான் வாங்குறேன்” என்றார். கோட்டை மட்டும் அழிக்கவில்லை.

அப்புறம் என் முறை. தாளைக் கையில் எடுத்தார்.

“வீடுன்னா எந்த வீடு?”

“எங்க வீடுதாங்க.”

“நாடுன்னு அர்த்தமா?”

“இல்லைங்க. கீழே ரெண்டு ரூம், மேல ஒரு ரூம்.”

“அப்ப அமைதின்னா? யார் ஏற்படுத்துன அமைதி? இந்த ரீங்காரம் எங்கேருந்து வருது? எங்கேயாவது கூட்டம் கூடுறாங்களா?”

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. “ரீங்காரமா? நான் அப்படி ஒண்ணும் சொல்லலையே” என்றேன். நெட்டை தாளை வாங்கி மெதுவாக எனக்குச் சொன்னான். எழுதியிருந்தது இது:

“எங்கள் இல்லத்தில் அமைதி நிலவுகிறது. பல்லாண்டுகளாக அதை எவரும் குலைத்ததில்லை. மெல்லிய ரீங்காரம் மட்டும் ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கிறது.”

நான் எழுதிக் கொடுத்தது உனக்குத் தெரியும். இருந்தாலும் இன்னொரு தடவை எழுதுகிறேன்:

“எங்க வீட்டுல எல்லாரும் நல்லவங்க. பதினெட்டு வருஷத்துல யாரும் என்னை ஒரு வார்த்தை திட்டினதில்ல. ஒரு வார்த்தை கேட்டதும் இல்ல. எங்க வீட்டுல என்னைவிட ஃபிரிட்ஜ்தான் அதிகம் பேசும்.”

அந்த அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “அம்மா, கவிதை வேண்டாம். கவிதைன்னா நான் மேல அனுப்பணும். மேல போனா ரெண்டு மாசம். நேரா சொல்லுங்க, நேரா முடிச்சிடலாம்.” மே பதினைந்துக்குள் திருத்திக் கொடுக்கச் சொன்னார். அதே மொழிபெயர்ப்பாளரின் முத்திரைதான் வேண்டுமாம்.

படியிறங்கும்போது நெட்டை கேட்டான், “அந்த மொழிபெயர்ப்பாளர் யாரு? தூக்குல போடுற அளவுக்கு எழுதியிருக்காரே!” தெரிந்தவர்தான் என்றேன்.

எனக்குக் கோபம் இல்லை. வருத்தம் இருக்கிறது. உன் முதுகை நேராக வைத்து உட்கார்ந்து எழுது. அவசரமாக ஒன்றும் எழுதிவிடாதே.

உன் அண்ணி


மே 5

அன்பு வானொலிக்கு,

நலம்தானே? என் கடிதம் வந்ததா என்று தெரியவில்லை.

பத்து நாள்தான் இருக்கிறது. உன் தாள் வராவிட்டால் நான் வாயை மூடிக்கொண்டு மேலே நிற்க வேண்டியதுதான். அதெல்லாம் எனக்குப் பழக்கம்தான், கஷ்டமில்லை.

உன் அண்ணி


மே 9

அன்புள்ள அண்ணிக்கு,

எப்படி இருக்கிறீர்கள்? கால் எப்படி இருக்கிறது? முழுசாகச் சரியாகிவிட்டதா? அறையில் வெந்நீர் வருகிறதா? சாப்பாட்டுக்கு என்ன செய்கிறீர்கள், நீங்களே சமைக்கிறீர்களா? ரொட்டிக்காரர் உங்களுக்கு ரொட்டி தருகிறாரா? எழுதுங்கள். ஒன்றொன்றாக எழுதுங்கள்.

திருத்திய தாளை இன்று காலை விரைவுத் தபாலில் அனுப்பினேன். இந்தத் தடவை சொல்லுக்குச் சொல். ஃபிரிட்ஜை ஃபிரிட்ஜ் என்றே எழுதியிருக்கிறேன்.

இத்தனை நாள் ஏன் தாமதம் என்று கேட்பீர்கள். நீங்கள் கேட்க மாட்டீர்கள், நானே சொல்லிவிடுகிறேன். முதலில் அந்தத் தாள் வந்தபோது, அண்ணனுக்குக் கெட்ட பெயர் வரக் கூடாது என்றுதான் மாற்றினேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீங்கள் இரண்டாவது தடவை எழுதி அனுப்பியபோதுதான் ‘எல்லாரும்’ என்ற வார்த்தையில் கண் நின்றது. அதற்குமேல் நகரவில்லை.

அதற்குப் பிறகு உங்கள் சின்னக் கடிதம் வந்த அன்று சாயங்காலம், உங்கள் வாக்கியம் இருந்த தாளைக் கொண்டுபோய் அண்ணனிடம் கொடுத்தேன். சமையலறையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணா, இதைக் கொஞ்சம் படி. அண்ணி மேடையில சொல்லப் போறது.”

படித்தார். திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று.

“எல்லாரும்னு போட்டிருக்கா. நீயுமா?”

“நானுந்தான்.”

“நீ எந்நேரமும் அவகிட்ட பேசிக்கிட்டேதானே இருப்பே?”

“அதான் அண்ணா. பேசிக்கிட்டே இருந்தேன்.”

அவர் எழுந்தார். டம்ளரைக் கழுவி வைத்தார். ஃபிரிட்ஜ் பக்கத்தில் போய் நின்றார். காதை வைத்துக் கேட்டார்! அப்புறம் கருவிப் பெட்டியை எடுத்துவந்து, அதை இழுத்துப் போட்டு, பின்பக்கத்தைக் கழற்றி, அடியில் ஏதோ ரப்பரை மாற்றினார். திரும்பத் தள்ளி வைத்தார். சத்தம் சுத்தமாக நின்றுவிட்டது.

சரி, அவருக்குத் தெரிந்த பதில் அதுதான் என்று நினைத்தேன். இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். அண்ணி, வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. எனக்கும் பேச வாய் வரவில்லை. தட்டில் கரண்டி படுகிற ஓசைதான். பாதிச் சாப்பாட்டில் அண்ணன் நிமிர்ந்தார்.

“இப்படித்தான் இருந்துச்சா அவளுக்கு?” என்றார்.

நான் மொழிபெயர்ப்பாளர். அந்தக் கேள்வியை ஒரு சொல்லும் மாற்றாமல் உங்களுக்கு அனுப்புகிறேன்.

எழுதுங்கள். நான் காத்திருக்கிறேன்.

உங்கள் வானொலி

பின்குறிப்பு: ரீங்காரத்துக்கு மன்னியுங்கள். எழுதும்போது நன்றாகத்தான் இருந்தது.


மே 24

அன்பு வானொலிக்கு,

கால் சரியாகிவிட்டது. வெந்நீர் காலையில் மட்டும் வருகிறது. நானேதான் சமைக்கிறேன், தாதியும் நானும் ஒரு அடுப்பு. அவள் சமைக்கும்போது நான் ஜன்னலைத் திறக்கிறேன், நான் சமைக்கும்போது அவள் திறக்கிறாள். ரொட்டிக்காரர் வாரம் ஒரு ரொட்டி தருகிறார், காசு வாங்க மாட்டேன் என்கிறார். பார், எல்லாவற்றுக்கும் பதில் எழுதிவிட்டேன். கேள்விக்குப் பதில் எழுதுவது எவ்வளவு சுகமாக இருக்கிறது தெரியுமா? நீயும் சொல், நாற்காலி வாங்கினாயா இல்லையா?

உன் தாள் பதின்மூன்றாம் தேதியே போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த அதிகாரி படித்தாராம், சிரித்தாராம், இருமினாராம். ஓரத்தில் பச்சைப் பேனாவால் எழுதியிருக்கிறார்: “குடும்ப விஷயம். ஆட்சேபணை இல்லை.” நெட்டை அதைப் படித்துக் காட்டியதும் எல்லாரும் கைதட்டினார்கள். நீ மென்மையாக எழுதினாய், அது அரசாங்கத்துக்கு ஆபத்தாகிவிட்டது. நான் உள்ளபடி சொன்னேன், யாருக்கும் ஆபத்தில்லை என்கிறார்கள். அவர்கள் அப்படி நினைத்துக்கொள்ளட்டும்.

ரொட்டிக்காரருடையது திரும்பவும் மறுக்கப்பட்டது. அன்றைக்குக் குழுவில் பெரிய வாக்குவாதம். அவர் பேசாவிட்டால் நாமும் பேச வேண்டாம், நாடகத்தையே நிறுத்திவிடலாம் என்றாள் தாதி. “அப்ப அவங்க ஒரு வாக்கியத்தை அடிச்சாங்க, நாமளே ஆறை அடிக்கிறோம். கணக்கு சரியா வருதா?” என்றான் நெட்டை. கடைசியில் ரொட்டிக்காரரே சொன்னார்: “என்னைத் தூக்குங்க. நான் மேல நிக்கிறேன். பேசல. அந்தப் பலகையில அவங்க எழுதினதையே போடுங்க.” மேடைக்கு மேலே மொழிபெயர்ப்பு காட்டுகிற பலகை ஒன்று இருக்கிறது. அதில் ‘இந்த வாக்கியத்துக்கு அனுமதி இல்லை’ என்று வரும். நிர்வாகம் தானே எழுதிய வாக்கியத்தை எப்படி மறுக்கும்?

இன்னொரு செய்தி. நாடகத்தை அடுத்த வருடம் வேறு ஊர்களுக்கும் கொண்டுபோகிறார்கள். என்னையும் கேட்டார் இயக்குநர். பதில் சொல்லிவிட்டேன். என்ன சொன்னேன் என்பதை நேரில் சொல்கிறேன்.

முதல் காட்சி ஜூன் இருபத்தொன்று, சாயங்காலம் ஆறரை. யாரையும் அழைக்கவில்லை. தேதியைச் சொல்லிவைக்கிறேன், அவ்வளவுதான்.

உன் அண்ணி


ஜூன் 7

உனக்கு,

நலம். நீயும் நலமாக இருக்கிறாயா?

எனக்குக் கடிதம் எழுதி வழக்கமில்லை. தங்கை பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்று மாடிக்கு அனுப்பிவிட்டேன்.

நீ எழுதியதை மூன்று தடவை பார்த்தேன். பிழை எதுவும் இல்லை. ஒரு வார்த்தையும் மாற்ற வேண்டாம்.

லிஃப்ட் நின்றுபோனால் உள்ளே இருப்பவரிடம் நான்தான் முதலில் பேசுவேன். பயப்படாதீங்க, எந்த மாடியில ஏறினீங்க, கூட யாராவது இருக்காங்களா என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். அப்படிக் கேட்க வேண்டும் என்று பயிற்சியிலேயே சொல்லித் தந்தார்கள். நீ சத்தம் போடவில்லை. அதனால் எல்லாம் சரியாக ஓடுகிறது என்று நினைத்துவிட்டேன்.

லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். இருபத்தொன்றாம் தேதி மதியம் வந்து சேர்வேன். பின்வரிசையில் இடம் கிடைத்தால் போதும்.

தங்கை வரவில்லை. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் எதுக்கு, வந்தா நான்தான் பேசுவேன் என்கிறாள். நாற்காலி வாங்கிவிட்டாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

வீட்டுக்காரர்


ஜூன் 23

அன்பு வானொலிக்கு,

மிகவும் நலம். உன் புது நாற்காலியில் நேராக உட்கார்ந்துகொண்டு படி. ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

உன் அண்ணன் மதியம் வந்தார். கையில் ஒரு பை, அதில் ஒரு சட்டை, ஒரு ஸ்குரூ டிரைவர். எதற்கு என்றேன். “இருக்கட்டும்” என்றார். என் அறை ஜன்னல் தாழ்ப்பாள் இப்போது சரியாக விழுகிறது.

அரங்கம் நிறைந்துவிட்டது. நாங்கள் திரைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தோம். அந்த அதிகாரி மூன்றாவது வரிசையில், மடியில் எங்கள் ஏழு வாக்கியமும் இருக்கிற தாள், கையில் பச்சைப் பேனா. சளி போய்விட்டிருந்தது. உன் அண்ணன் கடைசி வரிசையில் ஓரமாக, ஆஸ்பத்திரியில் காத்திருக்கிறவர் மாதிரி இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ரொட்டிக்காரர் எனக்கு முன்னால். அவரைத் தூக்கினோம். அவர் மேலே போய் நின்றார். வாயைத் திறந்தார், மூடினார். பலகையில் எழுத்து வந்தது. அரங்கத்தில் முதலில் ஒரு சலசலப்பு, அப்புறம் ஒன்றுமில்லை. இருமல்கூட இல்லை. அவருடைய பாதம் என் தோளில் இருந்தது, வானொலி. அது நடுங்கியது எனக்கு மட்டும்தான் தெரியும். இறக்கியதும் அப்படியே ஆடத் தொடங்கினார். அப்படி ஒரு ஆட்டத்தை ஒத்திகையில்கூட ஆடியதில்லை. கைதட்டல் நிற்கவே இல்லை. பிறகு உடை மாற்றுகிற அறையில் தாதி அவரிடம், “பேசியிருந்தா இவ்வளவு கைதட்டல் வந்திருக்குமா?” என்று கேட்டாள். அவர் சிரிக்கவில்லை. “வந்திருக்காது. ஆனா பேசத்தான் வந்தேன்” என்றார். அடுத்த ஊரில் அவர் பேசுவார், அங்கே அனுமதி கேட்க வேண்டியதில்லை என்கிறார் இயக்குநர்.

அப்புறம் என்னைத் தூக்கினார்கள். மேலேயிருந்து பார்த்தால் விளக்குதான் தெரியும், முகம் தெரியாது. யாருக்கும் புரியாத மொழியில் பேசப் போகிறோம், பயப்பட என்ன இருக்கிறது என்று ஒத்திகையில் நினைத்துக்கொள்வேன். அன்றைக்கு அப்படி நினைக்க முடியவில்லை.

சொன்னேன். நிதானமாகச் சொன்னேன். திட்டினதில்ல. கேட்டதும் இல்ல. ஃபிரிட்ஜ்தான் அதிகம் பேசும்.

நான் சொல்லி முடித்த பிறகுதான் பலகையில் எழுத்து வரும். அதற்கு நாலைந்து நொடி ஆகும். அந்த இடைவெளியில், இருட்டில், கடைசி வரிசையிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. ஒரே ஒரு ஆள். ஆரம்பித்ததும் அடக்கப் பார்த்து, முடியாமல் விட்டுவிட்ட சிரிப்பு. உன் அண்ணன் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை. முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகுதான் பலகையில் உன் எழுத்து வந்தது, அரங்கம் மொத்தமும் சிரித்தது. சிரித்து முடித்ததும் ஒரு மௌனம் வந்தது பார், அதற்காகத்தான் அந்த வாக்கியம். எல்லாருக்கும் புரிந்துவிட்டது. நன்றாக மொழிபெயர்த்திருக்கிறாய்.

பின்வாசல் பக்கம் காத்துக்கொண்டு நின்றார். கண் சிவந்திருந்தது. நான் பக்கத்தில் போனதும் கேட்டார், “அந்தப் பெரியவரை ஏன் பேச விடல?” சொன்னேன். நடக்க ஆரம்பித்தோம். சலவைக்கடை முனையில் திரும்பவும் நின்றார்.

“உன்னை நாலு பேர் தூக்கினாங்களே, பாரத்தை ஒழுங்கா பங்கு போட்டுக்கிட்டாங்களா? உனக்கு மேல நிக்கறப்ப எப்படி இருந்துச்சு?”

எனக்குப் பதில் சொல்லத் தெரியும் என்று அப்போதுதான் தெரிந்தது. எந்தத் தோளில் எந்தக் கால் என்று ஆரம்பித்தேன். நெட்டை, தாதி, முதுகோடு முதுகு, ரீங்காரம் எல்லாம் சொன்னேன். ரீங்காரத்துக்கு மறுபடியும் சிரித்தார். அடுத்த வருடம் போகிறேன் என்று இயக்குநரிடம் சொல்லிவிட்டதையும், நடுவில் இரண்டு மாதம் வீட்டுக்கு வருவதையும் சொன்னேன். “சரி” என்றார். கொஞ்ச தூரம் போனதும், “எந்தெந்த ஊர்?” என்றார். சொன்னேன். “அங்கெல்லாம் பின்வரிசை இருக்குமா?” என்றார்.

அந்த அதிகாரி மறுநாள் ரொட்டிக்கடைக்குப் போனாராம். வாங்கிவிட்டு, கடைக்கு உள்ளேயே நின்று சாப்பிட்டாராம். ஒன்றும் சொல்லவில்லையாம். ரொட்டிக்காரரும் ஒன்றும் கேட்கவில்லையாம். “ஒரு ஆளுதான். இருந்தாலும் ஒரு ஆளு” என்றார்.

இதை எழுதுகிற நேரத்தில் உன் அண்ணன் கீழே டீ வாங்கப் போயிருக்கிறார். உனக்குச் சொல்ல இன்னும் பாதி இருக்கிறது. ஆனால் படியில் காலடி கேட்கிறது. நேற்று அவரிடம் ஒரு கதையை நடுவில் விட்டிருக்கிறேன், முதலில் அதை முடிக்க வேண்டும்.

உன் அண்ணி